தோள்சீலையும் பத்து செண்ட் நிலமும்

குமரி மாவட்டத்தில் பெண்ணுரிமை பற்றிப் பேச யார் மைக்கைப் பிடித்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் தோள்சீலைக்கு வந்துவிடுவார்கள். வராமல் இருந்தால்தான் தப்பு. கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை போடுகிற உரிமைக்காக இந்த மண்ணில் நடந்த பெரிய சண்டை அது. 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் அதன் 200-ஆம் ஆண்டு விழா நடந்தபோது தமிழ்நாட்டு முதல்வரும் கேரள முதல்வரும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் எங்கள் நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முந்தைய கதை எதுவானாலும் இரண்டு மாநிலத்துக்கும் அதில் பங்கு உண்டு.

எனக்கு இருக்கும் சங்கடம், பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது என்பதுதான். 1859-ல் ரவிக்கை போட உத்தரவு வந்தது, பெண்ணுக்கு விடிந்தது, பிறகு பள்ளிக்கூடம், கல்லூரி, வேலை, இன்று எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம், கைதட்டல். நடுவில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. அந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்ததால் எனக்கு அது கொஞ்சம் நன்றாகவே தெரியும். ஆனால் முதலில் சீலையைப் பற்றிச் சொல்லாமல் அதற்குப் போக முடியாது.

தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் அவர்களைப் போலக் கீழே வைக்கப்பட்ட மற்ற சாதிப் பெண்களும் இடுப்புக்கு மேலே துணி போடக் கூடாது என்றிருந்தது. மாரை மூடாமல் நிற்பது மேல்சாதிக்காரர் முன் காட்டவேண்டிய மரியாதை. அந்த ஏணியில் நாயர் பெண்களுக்கும் ஒரு படி இருந்தது, அவர்கள் பிராமணர் முன்னால் மேலாடையை எடுக்க வேண்டும். 1810-களில் பிரிட்டிஷாரின் பிரதிநிதியான ரெசிடெண்ட்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவரான நாடார் பெண்கள் சிரியன் கிறிஸ்தவர்களையும் மாப்பிள்ளை முஸ்லிம்களையும் போலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். குப்பாயம் என்றால் தளர்வான சட்டை. அதோடு நிற்காமல் பெண்கள் அதற்கு மேலே தோளில் ஒரு சீலையையும் போட ஆரம்பித்தார்கள். மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி. சண்டை மூண்டது அதற்குத்தான்.

1822-ல் கல்குளம், இரணியல் பக்கங்களில் சந்தைக்குப் போன பெண்களை வழிமறித்து மேலாடையைக் கிழித்தார்கள். வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்குப் போய் 1823-ல் பெண்கள் பக்கம் தீர்ப்பானது. அடங்கவில்லை. 1827 முதல் மறுபடியும் அடிதடி, தீவைப்பு. 1829 பிப்ரவரி 3-ல் வந்த அரச பிரகடனம், குப்பாயம் போடலாம், தோள்சீலை மட்டும் கூடாது என்றது. அப்போது ஆட்சியில் இருந்தவர் ராணி கௌரி பார்வதி பாய், ஒரு பெண். கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817-ல் அறிவித்தவரும் அவர்தான். பெண் ஆண்டால் பெண்ணுக்கு நல்லது நடக்கும் என்று இப்போதும் சிலர் சொல்லும்போது எனக்கு இந்த ராணி ஞாபகம் வரும்.

மூன்றாவது சுற்று 1858 கடைசியில். விக்டோரியா ராணியின் பிரகடனம் வந்த கையோடு, இனி யாரும் தடுக்க முடியாது என்று பெண்கள் சீலையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் நடந்தது கலவரம்தான். திவான் மாதவ ராவ் பழைய உத்தரவையே திரும்பச் சொல்லிப் பார்த்தார். சென்னை கவர்னர் டிரெவெல்யன் நெருக்கிய பிறகே 1859 ஜூலை 26-ல் புதிய பிரகடனம் வந்தது.

விழா மேடைகளில் வெற்றி என்று சொல்வது இந்தப் பிரகடனத்தைத்தான். அதில் இருப்பது என்ன? நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போல ரவிக்கை போட்டுக்கொள்ளலாம். அல்லது முரட்டுத் துணியை முக்குவத்திகள், அதாவது மீனவப் பெண்கள், கட்டுகிற மாதிரி சுற்றிக்கட்டிக்கொள்ளலாம். அல்லது வேறு எந்த விதத்திலும் மாரை மறைத்துக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் போடக் கூடாது.

இதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு எவ்வளவு உரிமை என்பதை இன்னொரு பெண்ணை வைத்து அளந்திருக்கிறார்கள். இவளைப் போல இருக்கலாம், அவளைப் போல இருக்கக் கூடாது. அளவுகோலின் கீழ் முனையில் கடற்கரைப் பெண். அவளிடம் யாரும் எதுவும் கேட்டதாகவும் தெரியவில்லை. 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப இலவசப் பேருந்தில் ஏறிய ஒரு மூதாட்டியை நாற்றம் அடிக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். அவர் நிலையத்தில் நின்று கத்திய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல்வர் கண்டித்தார், ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அந்த வருடம் மே மாதம்தான் வந்திருந்தது. உரிமை இருந்தது, உட்கார இடமும் இருந்தது. யாரைப் போன்ற பெண் என்ற அளவுகோலும் பையில் அப்படியே இருந்தது.

இடையில் ஒன்று. தோள்சீலை என்றதும் வாட்ஸ்அப்பில் நங்கேலி கதையும் சேர்ந்து வரும், முலைவரி கேட்டு வந்தவனிடம் மார்பை அறுத்து வாழையிலையில் வைத்துக் கொடுத்தவள் என்று. அது சேர்த்தலைப் பக்கத்து வாய்மொழிக் கதை. அந்தக் காலத்து எழுத்துச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. எங்கள் பக்கத்துச் சண்டைக்கோ பிரகடனங்களும் நீதிமன்றத் தீர்ப்பும் மிஷனரிமார் எழுதிய கடிதங்களும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைப் பிடித்துக்கொள்வது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. ஆவணம் இருந்தும் அதைப் பாடப்புத்தகத்தில் வைக்க முடியாமல் போனது தனிக் கதை. சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் இருந்த அந்தப் பகுதியிலிருந்து கேள்வி வராது என்று 2016-ல் சுற்றறிக்கையே வந்தது.

சரி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

தோள்சீலைச் சண்டையில் எதிரி வெளியே இருந்தான். மேல்சாதிக்காரன், அதிகாரி, அரசு. அதனால் வீட்டு ஆண்களும் பெண்களோடு சேர்ந்து நின்றார்கள். அடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள், மனு எழுதினார்கள். பெண் உடுத்துகிற சீலை மொத்தச் சமுதாயத்தின் மானம் என்று ஆனது. சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னதும், எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்ததும் அதே காலம்தான். ஊரே சேர்ந்து நிமிர்ந்த காலம். ஆனால் சொத்து என்று வரும்போது எதிரில் நிற்பது யார்? கூடப் பிறந்தவன். அதற்கு யார் கலகம் செய்வார்கள்? எந்தச் சபை மனு எழுதும்?

முன்னால் ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1821-ல் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். எங்கள் பாட்டிமார் ரேந்தை என்றுதான் சொல்வார்கள், லேஸ் என்று சொன்னால் முகத்தைப் பார்ப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு வயதான அம்மா அந்த வேலை செய்து நான் பார்த்திருக்கிறேன். உருண்டைத் தலையணையை மடியில் வைத்து, அதன் மேல் புள்ளி குத்திய அட்டையைப் பொருத்தி, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி. நூல் சுற்றிய மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். இதைத் தூக்கி அதன் மேல் போட்டு, அதைத் திருப்பி இதன் கீழ் விட்டு, கண் வேறு எங்கோ இருக்க விரல் மட்டும் ஓடும். குச்சிகள் ஒன்றோடு ஒன்று தட்டுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். ஒரு நாள் வேலைக்கு விரல் நீளம் கூட வராது.

மால்ட் அம்மையாரிடம் கற்ற பெண்களில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். ரேந்தை விற்று வந்த காசில் தங்களையே விலைக்கு வாங்கி விடுதலையானவர்கள் உண்டு என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். அதற்கு எவ்வளவோ முன்பே சில பெண்பிள்ளைகள் தங்கள் விரலால் அந்த வேலையை முடித்துக்கொண்டார்கள். பிறகு கத்தோலிக்கர் பக்கம் முளகுமூட்டிலும் இதே கைவேலை வளர்ந்தது. கையில் சொந்தக் காசு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டத்தில் இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியாது. இதற்கு யாரும் விழா எடுத்து நான் பார்த்ததில்லை.

இனி நிலம். குமரி மாவட்டத்தில் இரண்டு வழிச் சட்டம் இருந்தது, இரண்டிலும் பெண்ணுக்குப் பெயர் இருந்தது, பங்கு இல்லை.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள் வழி. சொத்து தாய் வழியில் போகும் என்று கேட்டதும் வெளியூர்க்காரர்கள் ஆஹா என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். பெண் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குத்தான் போவாள். அவனுக்கு உழைப்பாள், பிள்ளை பெறுவாள். அவன் செத்தால் குடும்பச் சொத்து அவனுடைய சகோதரியின் மகனுக்குப் போகும். மருமகன் வந்து சாவியை வாங்கிக்கொள்வான். விதவையும் பிள்ளைகளும் உகந்துடைமை என்று கிடைக்கிற கொஞ்சத்தை வைத்துக்கொண்டு வழி பார்க்க வேண்டியதுதான். தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இதை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று நக்கலும் கண்ணீருமாகப் பாடினார். அதில் கதை சொல்பவள் ஒரு காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், ஐந்தாம் மனைவி. காரணவர் கட்டிய கணக்குக்கும் அவள் பட்ட கணக்குக்கும் நடுவில் கவிமணி சட்டத்தையே உரித்துப் போட்டிருப்பார். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மருமக்கள் வழிக்கு முடிவு கட்டியது.

சொத்து பெண் வழியாகப் போயிற்று, பெண்ணிடம் போகவில்லை. என் தோழி ஒருத்தி, தாழக்குடிப் பக்கம், அவளுடைய ஆச்சி இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வாராம்: "வாய்க்கால்ல தண்ணி ஓடும், வாய்க்காலா குடிக்கும்?"

அடுத்தது எங்கள் வழி, கிறிஸ்தவர்களுக்கு. 1916-ல் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அப்பன் உயில் எழுதாமல் செத்தால் மகளுக்கு மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. அந்தப் பணத்துக்குச் சட்டமே வைத்த பெயர் ஸ்ரீதனம். அப்பன் உயிரோடு இருக்கும்போதே ஸ்ரீதனம் கொடுத்திருந்தாலும் சரி, கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தாலும் சரி, மகளுக்கு அதற்கு மேல் கேட்க வழியில்லை. வாக்குச் சொன்னாலே போதும் என்பதை கவனியுங்கள். விதவைக்குக் கிடைப்பது ஆயுள் வரைக்கும் அனுபவிக்கிற பாத்தியம் மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போகும். லத்தீன் கத்தோலிக்கர் போன்ற சிலருக்கு இந்தப் பிரிவுகளிலிருந்து விலக்கு இருந்தது. மற்றவர்களுக்கு 1916-ல் 5,000 என்று எழுதியது எழுபது வருடம் அப்படியே கிடந்தது. அதற்குள் ஒரு செண்ட் நிலம் எந்த விலைக்கு ஏறியிருக்கும் என்பதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டத்தை உடைத்தவர் கோட்டயத்து மேரி ராய். அவர் உச்ச நீதிமன்றம் போய் 1986 பிப்ரவரி 24-ல் தீர்ப்பு வாங்கினார். எல்லாரும் சொல்லும் இந்தக் கதையில் குமரிக்கும் ஒரு பங்கு உண்டு. அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே எங்கள் பக்கத்து வழக்குகள் வழியாக இதே கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்திருந்தது. திருவிதாங்கூர்ச் சட்டம் போய்விட்டது, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று 1970-களில் ஒரு தனி நீதிபதி தீர்ப்புச் சொன்னார். கொஞ்ச காலத்தில் இரண்டு நீதிபதி அமர்வு அதற்கு மாறாகச் சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்தத் தனி நீதிபதி சொன்னதே சரி என்றது. 1951-ல் மத்திய சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டபோதே திருவிதாங்கூர்ச் சட்டம் செத்துவிட்டதாம். பெண்ணுக்கும் ஆணுக்கும் சமம் என்ற அரசியல் சாசனக் கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. எந்தச் சட்டம் செல்லும் என்ற ஒரு சிக்கலை அவிழ்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது. போகட்டும், பலன் ஒன்றுதான். மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு, அதுவும் 1951 முதலே.

இங்கேதான் எங்கள் வீடு வருகிறது.

மார்த்தாண்டம் பக்கத்தில் தாத்தாவுக்கு வீட்டோடு சேர்த்து நாற்பது செண்ட் இருந்தது. முன்னால் நான்கைந்து தென்னை, பின்னால் ஒரு பெரிய புளி, கிணறு. அப்பா, பெரியப்பா, இரண்டு மாமிகள் என்று பிள்ளைகள் நான்கு பேர். தாத்தா உயில் எழுதவில்லை, பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார். தீர்ப்புச் செய்தி பேப்பரில் வந்து எல்லார் வாயிலும் அடிபட்ட பிறகு ஒரு நாள் பெரியப்பா தெரிந்த வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவோடு ரொம்ப நேரம் திண்ணையில் பேசினார். அடுத்த மாதம் இரண்டு மாமிகளையும் ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். விடுதலைப் பத்திரம் எழுத.

பெரிய மாமி பள்ளிக்கூட டீச்சர். எனக்குத் தோள்சீலைக் கதையை முதலில் சொன்னதே அவர்தான். சந்தையில் சீலையைப் பிடித்து இழுத்தபோது திருப்பி அடித்த பெண்கள் என்று கையை வீசிக் காட்டிச் சொல்வார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் அன்று நானும் கூடப் போனேன். பத்திரம் எழுதுகிறவர் வராந்தாவில் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். தாளை வாசித்துக் காட்டினார். என் கல்யாணத்தின்போது நகையும் ரொக்கமுமாகச் சீதனம் பெற்றுக்கொண்டபடியால், இந்தச் சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனிமேல் யாதொரு பாத்தியமும் இல்லை, முழு மனதோடு எழுதிக் கொடுக்கிறேன். மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதையும் தானே ஒரு தடவை வாசித்தார். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார். உள்ளே சார்பதிவாளர் தலை நிமிராமல் கேட்டார், "சம்மதம்தானே?" "சம்மதம்." கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டுக் கையெழுத்தைப் போட்டார். அப்புறம் பெருவிரலில் மை. அதைத் துடைக்க ஒரு பழந்துணி கொடுத்தார்கள், மை போகவில்லை.

திரும்பும்போது பெரியப்பா பஜாரில் ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தார். மாமிக்கு மகிழ்ச்சிதான். பஸ்ஸில் நான் கேட்டேன், ஏன் மாமி எழுதிக் கொடுத்தீங்க, கோர்ட்டுதான் உங்களுக்கும் உண்டுன்னு சொல்லியாச்சே.

"எனக்கு எதுக்கு மக்களே அந்தப் பத்து செண்டு? பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சிரப்பிடாது. கிறிஸ்மசுக்கு வாற நேரம் அண்ணன் முகத்தத் திருப்பிட்டா அந்த மண்ண வச்சு நான் என்ன செய்ய?"

இதை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். அவர் கணக்குத் தெரிந்தவர். புருஷன் வீட்டில் நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும், அந்த வாசலுக்கு அவர் கொடுத்த விலை பத்து செண்ட். அந்த வாசலே சட்டப்படி அவருக்கும் சொந்தம் என்பதுதான் கணக்கில் வராமல் போனது.

சின்ன மாமி அப்படி இல்லை. அண்டி ஆபீசில் வேலை பார்த்தவர். வெளியூர்க்காரர்களுக்கு முந்திரித் தொழிற்சாலை என்று சொன்னால் புரியும். அண்டி தல்லித் தல்லி, அந்தக் கறையில் அவருடைய விரல் நுனி எல்லாம் வெந்து கறுத்துப்போய் இருக்கும். எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள், இருந்தும் தோல் உரியும். உடைத்துக் கொடுத்த பருப்பின் எடைக்குத்தான் கூலி. கிலோ கணக்குப் பார்த்தே பழகிய மனுஷி. வராந்தாவில் பத்திரம் வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எனக்கு எத்தன செண்டு வரும்?"

யாரும் பேசவில்லை. பத்திரக்காரர் பேனாவை மூடிவிட்டார். அன்றைக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை. பிறகு வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து பேசினார்கள், சபையில் பெரியவர் ஒருவர் ஜெபம் பண்ணினார், அவருடைய புருஷனிடமும் யாரோ பேசினார்கள். ஒரு மாதம் கழித்து எழுதிக் கொடுத்தார். சேலை வாங்க வரவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப வருடத்துக்கு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வரவில்லை. "அவளுக்குக் காசு ஆசை" என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். இருபது செண்டை எழுதி வாங்கியவர்களுக்கு அந்தப் பெயர் வரவில்லை.

இதில் எனக்குத் தொண்டையில் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. என் கல்யாணத்துக்கு நகை எடுக்க அப்பா அந்த நிலத்தில் சில செண்டுகளை விற்றார். மாமிமார் விட்டுக்கொடுத்த பங்கு அப்படியே பவனாக மாறி என் கழுத்தில் ஏறி வேறொரு வீட்டுக்குப் போனது. அங்கே அது என் நாத்தனார் கல்யாணத்துக்கு உதவியது. ஒரு பெண்ணின் நிலம் இன்னொரு பெண்ணின் சீதனம், அது மூன்றாவது பெண்ணின் சீதனம். இத்தனை கை மாறியும் மூவரில் ஒருவர் பெயரில்கூட ஒரு செண்ட் பட்டா இல்லை.

படிப்பு இதை மாற்றும் என்றுதான் எல்லாரும் நம்பினோம். 2011 கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே அதிகம். 1000 ஆணுக்கு 1019 பெண். இந்த எண்களைச் சொல்லும்போது நம்மவர்கள் குரல் கொஞ்சம் உயரும், எனக்கும்தான். ஆனால் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் போய் உட்கார்ந்து பாருங்கள். பெண் நர்ஸ் என்றால் இவ்வளவு, டாக்டர் மாப்பிள்ளை என்றால் இவ்வளவு பவன், தொகை தனி, கார் தனி. 1961-லேயே வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது என்று அங்கே யாராவது சொன்னால் சிரிப்பார்கள். படித்த பெண்ணுக்குப் படித்த மாப்பிள்ளை, படித்த மாப்பிள்ளைக்குக் கூடுதல் பவன். 1916-ஆம் ஆண்டுச் சட்டம் கோர்ட்டில்தான் செத்தது. அதன் தலைக்கணக்கு, சீதனம் கொடுத்தாயிற்று, பங்கு தீர்ந்தது என்பது, எல்லா மதத்து வீடுகளிலும் சுகமாக இருக்கிறது. இந்துக் குடும்பங்களில் 1989-லேயே தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்து மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் உரிமை கொடுத்தது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. அங்கேயும் ரெஜிஸ்டர் ஆபீஸ் வராந்தாவில் இதே தாள்தான் வாசிக்கப்படுகிறது.

கடற்கரையில் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி பார்த்திருக்கிறேன். அங்கே பல வீடுகளில் வீட்டையே மகளுக்குக் கொடுக்கிறார்கள், மருமகன் வந்து தங்குகிறான். மீன் காசு, சீட்டு, வட்டி எல்லாம் பெண் கையில். அதற்காக அங்கே சீதனம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், அதுவும் உண்டு. ஆனாலும் கூரை யாருடையது என்பதில் சந்தேகம் கிடையாது. 1859 பிரகடனம் கீழ் முனையில் வைத்த பெண்ணிடம் மேல் முனையில் இருந்தவர்களிடம் இல்லாத ஒன்று இருந்திருக்கிறது. 1957 சட்டமன்றத் தேர்தலில் குளச்சலில் ஜெயித்துக் காமராஜர் அமைச்சரவையில் உட்கார்ந்த லூர்தம்மாள் சைமன் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்காரர். மக்களவைக்கு இந்த மாவட்டத்திலிருந்து ஒரு பெண் போக 2009 வரை ஆனது, ஹெலன் டேவிட்சன்.

இப்போது அரசு சில தூண்டில் போடுகிறது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. எங்கள் தெருவில் இரண்டு பேர் உடனே மனைவி பெயரில் மனை வாங்கினார்கள். காரணம் எதுவானால் என்ன, பெயர் ஏறுகிறதே என்று நான் எடுத்துக்கொண்டேன். வாங்குகிற நிலத்துக்கு இது சரி. பிறந்த வீட்டில் இருக்கிற பங்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. உயில் எழுதி எல்லாவற்றையும் மகனுக்கே கொடுக்க அப்பன்மாருக்கு இன்றும் சட்டம் தடை இல்லை, தான் சம்பாதித்ததாக இருந்தால்.

என் அப்பா உயில் எழுதவில்லை. அவர் போய்ச் சில வருடமாகிறது. அம்மா இருக்கிறார், அண்ணன், தம்பி, நான். போன ஓணத்துக்குப் பிறகு அண்ணன் போன் பண்ணினான். வீட்டு லோன் போடணும், பேங்க்ல பத்திரம் தடையில்லாம வேணும்னு கேக்கிறாங்க, நீ ஒரு நாள் வந்து ஒரு விடுதலை எழுதிக் குடுத்துட்டுப் போ. ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னான், ஒரு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்கிற மாதிரி. அவன் கெட்டவன் இல்லை. என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி பைக்கை எடுத்துக்கொண்டு வருகிறவன். அதனால்தான் வாயைத் திறக்க எனக்கே கொஞ்ச நாள் பிடித்தது. அம்மாவிடம் முதலில் சொன்னேன். "ஒனக்கு நகை போட்டாச்சுல்லா?" என்றார். போட்டாச்சு, அண்ணனைப் படிக்க வைத்த பீசை யாரும் அவன் பங்கில் கழிக்கவில்லையே என்றேன். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். சின்ன மாமிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவரே போன் பண்ணி, "எத்தன செண்டு வருது ஒனக்கு?" என்று கேட்டார்.

அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன். விடுதலை இல்லை, பாகப் பத்திரம். அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மீதியில் எங்கள் மூவருக்கும் சமம், சட்டம் சொல்கிறபடி. லோன் முடங்காமல் இருக்க அவன் பங்கை வீட்டோடு சேர்த்தே அளக்கலாம், எனக்குப் பின்பக்கம் புளி நிற்கிற இடம் போதும். ரோட்டுக்கும் கிணற்றுக்கும் வழி விட வேண்டும், அதைப் பத்திரத்தில் எழுதவும் வேண்டும். சர்வேயர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் இன்னும் பேசவில்லை, தம்பி சரி என்றிருக்கிறான்.